பாட்டனார் வைத்த மணி

ஓடாத கடிகாரத்திற்கு யாரும் வழக்காடுவதில்லை. சைதாப்பேட்டையில், காரணீஸ்வரர் கோயிலுக்குச் சற்று அப்பால் இருந்த எம் பூர்வீக வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்புவது என்று சென்ற ஆண்டு முடிவானபோது, வீட்டுப் பொருள்களை உடன்பிறந்தோர் மூவரும் மனத்தாங்கல் இன்றிப் பிரித்துக்கொண்டோம். தேக்குக் கட்டில் தங்கைக்குச் சென்றது. பித்தளை அண்டாவும் தவலைகளும் தம்பி வீட்டிற்கு. குருவாகிய எமக்கு எதைக் கொடுப்பது, கொடுத்தாலும் அதை எங்கே வைப்பது, எமக்குப் பின் அது யாருக்குப் போகும் என்ற தயக்கம் இருவர் முகத்திலும் தெரிந்தது. கடைசியில், கூடத்துச் சுவர்ப்பலகையின் மேல் இருபது ஆண்டுகளாகப் பேசாமல் நின்றுகொண்டிருந்த கடிகாரத்தைத் தம்பி காட்டினார். "இது அண்ணனுக்கு இருக்கட்டும்" என்றார். மறுப்பார் யாருமில்லை.

அதை அப்படியே துணியில் சுற்றிப் பங்குமனைக்கு எடுத்துச் சென்றிருக்கலாம். ஆனால் வீட்டை உயிர்ப்புப் பெருவிழாவிற்குள் காலி செய்து கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவுடன், ஓர் ஆசை எம்மைப் பற்றிக்கொண்டது. எம் பிள்ளைப் பருவம் முழுவதையும் அடித்து எண்ணிய அந்த மணி, அந்தக் கூடத்தில் இன்னும் ஒருமுறை அடிக்க வேண்டும். தவக்காலத்தின் திங்கட்கிழமைகளை, குருக்களுக்கு ஓய்வென்று சொல்லப்படும் அந்த நாள்களை, இதற்கென ஒதுக்கினோம். தம்பி மகன் பொறியியல் படிக்கிறான். அவன் துணைக்கு வந்தான்.

கடிகாரத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கறுப்பு எனாமல் பூசிய வார்ப்பிரும்புக் கூடு. இரு புறமும் சிறு தூண்கள். மேலே முக்கோண முகப்பு. தொலைவிலிருந்து பார்த்தால் ஒரு பழைய கிரேக்கக் கோயிலைச் சுருக்கி வைத்தாற்போலிருக்கும். இரண்டு கைகளாலும் தூக்க வேண்டிய கனம். வெள்ளை முகப்பில் உரோமை எண்கள். நான்கு என்பதற்கு நான்கு கோடுகளே இட்டிருக்கும். பள்ளியில் எமக்குச் சொல்லித்தந்த முறை அதுவன்று. இதற்காக ஆசிரியரிடம் வாதாடி அடிவாங்கியதும் உண்டு. பழைய கடிகாரங்களில் பெரும்பாலானவை அப்படியே எழுதப்பட்டன என்பது பின்னாளில்தான் தெரிந்தது. முகப்பின் அடியில், கண்ணை அருகில் கொண்டுபோனால் மட்டுமே தெரியும் எழுத்தில், அன்சோனியா கிளாக் கம்பெனி, நியூயார்க் என்றிருக்கும். தென்னிந்திய ரயில்வேயில் ஊழியராயிருந்த எம் பாட்டனார், 1920களில் மவுண்ட் ரோட்டு ஏலக்கடை ஒன்றில் இதை எடுத்தார். என்ன விலைக்கு என்பதில் மட்டும் குடும்பத்தில் இன்றுவரை ஒருமித்த கருத்தில்லை.

இவ்வகைக் கடிகாரத்தை ஆங்கிலேயர் மேன்டில் கிளாக் என்பர். குளிர்நாட்டு வீடுகளில் சுவரோடு சேர்த்துக் கணப்பு அமைத்திருப்பார்கள். அந்தக் கணப்பின் மேலுள்ள பலகைக்குப் பெயர் மேன்டில். குடும்பம் முழுதும் குளிர்காய வந்து கூடும் இடமாகையால், எல்லார் கண்ணிலும் படும்படி கடிகாரத்தை அங்கே வைத்தனர். சைதாப்பேட்டையில் கணப்புக்கு என்ன வேலை? சித்திரை வெயிலில் சுவரே கணப்பு! ஆகவே இத்தகைய கடிகாரங்கள் எம் ஊரில் சுவர்ப்பலகையிலும் அலமாரித் தலையிலும் குடியேறின. நெருப்பை விட்டுப் பிரிந்து வந்தாலும், குடும்பம் கூடும் இடத்தை மட்டும் அவை விட்டுவிடவில்லை.

இதன் வமிசாவளி சுவையானது. பணக்காரர் வீட்டுப் பண்டமாயிருந்த கடிகாரத்தை எளியோர் வீட்டுப் பலகைக்கு இறக்கியவர்கள், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துத் தச்சர்களும் கொல்லர்களும் ஆவர். ஈலை டெரி என்பவர் ஒரே அளவான உறுப்புகளை நூற்றுக்கணக்கில் செய்து அடுக்கி வைத்துப் பின்னர் கோக்கும் முறையைக் கையாண்டு, 1816இல் பலகைக் கடிகாரத்திற்குக் காப்புரிமை பெற்றார். சக்கரங்கள் அப்போது மரத்தால் ஆனவை. அவரிடம் வேலை பார்த்த சான்சி ஜெரோம் பின்னர் உருட்டிய பித்தளைத் தகட்டில் சக்கரங்களை வெட்டி எடுத்து விலையை மேலும் குறைத்தார். 1842இல் அவர் இங்கிலாந்துக்கு அனுப்பிய முதல் சரக்கைக் கண்ட சுங்க அதிகாரிகள், இவ்வளவு மலிவாக ஒரு கடிகாரம் இருக்க முடியாது, வரியை ஏய்க்க விலையைக் குறைத்து எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணினர். அக்காலச் சட்டப்படி, எழுதிய விலைக்குமேல் பத்து விழுக்காடு சேர்த்துக் கொடுத்துச் சரக்கு முழுவதையும் அரசே எடுத்துக்கொண்டது. ஜெரோமுக்கு மகிழ்ச்சி, கையில் ரொக்கம், விற்கும் தொல்லையும் இல்லை. இரண்டாவது சரக்கை அனுப்பினார். அதையும் எடுத்துக்கொண்டனர். மூன்றாவது சரக்கின்போதுதான் அதிகாரிகளுக்கு அறிவு பிறந்தது. இந்த வரலாற்றைத் தம் நூலில் எழுதி வைத்த அம்மனிதர், பிற்காலத்தில் கூட்டு வாணிகத்தில் அனைத்தையும் இழந்து வறியவராய் இறந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அன்சோனியா அதே கனெக்டிகட்டில் தோன்றிப் பின் நியூயார்க்கின் புரூக்ளினுக்குப் பெயர்ந்த நிறுவனம். பிரெஞ்சு நாட்டுச் செல்வர் வீடுகளில் இருந்த கருஞ்சலவைக்கல் கடிகாரங்களைப் பார்த்து, இரும்பில் கறுப்பு எனாமல் பூசி, கல்லைப் போன்ற தோற்றத்தைக் குறைந்த விலையில் கொடுத்தது. எம் வீட்டுக் கடிகாரம் ஒரு போலி என்று இதற்குப் பொருள். ஆனால் நன்றாக உழைத்த போலி. 1929இல் அந்நிறுவனம் நொடித்தபோது, அதன் இயந்திரங்களையும் கருவிகளையும் சோவியத் அரசு விலைக்கு வாங்கி மாஸ்கோவிற்குக் கொண்டு சென்றது. தேய்ந்துபோன சக்கரத்திற்கு மாற்றுச் சக்கரம் கேட்டு எழுத, அன்று முதல் முகவரி இல்லை.

முதல் திங்களன்று பின்கதவைத் திறந்தோம். பழைய எண்ணெய் கறுத்துப் பசையாகி, அதன்மேல் தூசி படிந்து, சக்கரங்களின் அச்சுகளைப் பிசின்போல் பிடித்திருந்தது. யாரோ ஒரு காலத்தில் தேங்காயெண்ணெய் விட்டிருக்க வேண்டும். நம்மவர் எல்லா நோய்க்கும் அதைத்தானே விடுகிறோம். ஊசலைத் தாங்கும் மெல்லிய எஃகுப் பட்டை முறிந்திருந்தது. கடிகாரம் நின்றதற்கு அதுவே உடனடிக் காரணம். இருபது ஆண்டு மௌனத்திற்குக் காரணம் ஒரு தீக்குச்சி நீளம்கூட இல்லாத தகடு! தம்பி மகன் தன் கருத்தைச் சொன்னான். "பெரியப்பா, மெஷினைத் தூக்கிட்டு உள்ளே பாட்டரி மெஷின் வெச்சுடலாம். வெளியே பார்த்தா யாருக்கும் தெரியாது." அவன் சொன்னதில் தவறில்லை. நகரில் பல பழைய கடிகாரங்கள் இன்று அப்படித்தான் ஓடுகின்றன. நாம் இணங்கவில்லை. ஏனென்று அப்போது தெளிவாகச் சொல்லவும் எமக்குத் தெரியவில்லை.

பொறியைக் கூட்டிலிருந்து வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பியபோது, பின்தகட்டில் ஊசியால் கீறிய எழுத்துகள் கண்ணில் பட்டன. ஒன்று 7-3-31 என்ற தேதி. சற்றுத் தள்ளி 48 என்ற எண். மூன்றாவது, தகட்டின் ஓரத்தில், தமிழில் 'சை' என்ற ஓர் எழுத்தும் 62 என்ற எண்ணும். கடிகாரம் பழுதுபார்ப்போர் தாம் திறந்த பொறியின் உட்புறத்தில் இவ்வாறு தேதியும் குறியும் இடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். மறுமுறை அதே கடிகாரம் வந்தால், எப்போது எண்ணெய் இட்டோம் என்று அறிவதற்காக. வீட்டாருக்கு அது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. கூடத்தில் அமர்ந்து அந்த முகப்பை ஆயிரம் முறை பார்த்த நாம், அதன் முதுகில் மூவர் எம் குடும்ப வரலாற்றை எழுதி வைத்திருப்பதை ஐம்பது வயதைக் கடந்தபின் கண்டோம். 'சை' என்பது சைதாப்பேட்டையா, ஒருவர் பெயரின் முதலெழுத்தா?

தமிழில் 'மணி என்ன?' என்றுதான் கேட்கிறோம். மணி என்பது அடிக்கும் பொருள். அதுவே பொழுதின் பெயராகவும் ஆயிற்று. இதே நிகழ்ச்சி ஐரோப்பிய மொழிகளிலும் நடந்திருக்கிறது. கிளாக் என்ற சொல்லின் வேர், மணி என்று பொருள்படும் குளோக்கா என்னும் இடைக்கால இலத்தீன் சொல். முதற்காலக் கடிகாரங்கள் பலவற்றிற்கு முகப்பும் இல்லை, முள்ளும் இல்லை. மணி மட்டுமே உண்டு. அவை பெரிதும் வளர்ந்த இடம் துறவு மடங்கள். நள்ளிரவிலும் வைகறையிலும் செபத்திற்கு எழ வேண்டிய துறவிகளுக்குப் பொழுதைப் பார்ப்பது தேவையில்லை, எழுப்பப்படுவதே தேவை. இங்கிலாந்தின் புனித ஆல்பன் மடத்துத் தலைவராயிருந்து 1336இல் இறந்த வாலிங்போர்டு ரிச்சர்டு என்னும் துறவி, கோள்களின் போக்கையே காட்டும் கடிகாரத்தை வடிவமைத்தவர். தொழுநோயோடு போராடிக்கொண்டே அவர் அதைச் செய்தார் என்பதை நினைக்கையில், எம் சிறு பழுதுபார்ப்பைப் பற்றி எழுதவே கூச்சமாயிருக்கிறது.

தமிழகத்தில் பொழுதளக்கும் கலை அதனினும் பழையது. நாளொன்றுக்கு அறுபது நாழிகை. நாழிகை ஒன்று 24 நிமிடம். பாசறையில் இருக்கும் அரசனுக்குக் கன்னல் என்னும் நீர்க்கருவியைக் கொண்டு பொழுதைக் கணித்துச் சொல்வோரை முல்லைப்பாட்டு காட்டுகிறது. நாழிகைக்கு மறுபெயரான கடிகை என்ற சொல்லே கடிகாரத்தில் நின்று நிலைத்தது. அந்தப் பாசறையிலும் பொழுது தானாகத் தெரியவில்லை; உறங்காமல் காத்திருக்கும் ஒருவர் இருந்தார்.

இந்த இடத்தில் இயேசு சபைக் குரு மத்தேயு ரிச்சியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1601 சனவரியில் அவர் பீகிங் நகரை அடைந்து, வான்லி பேரரசருக்குக் கையுறையாகக் கொடுத்தவற்றுள் தானாக மணியடிக்கும் கடிகாரங்களும் இருந்தன. பேரரசர் மகிழ்ந்தார். ஆனால் அதற்குச் சாவி கொடுக்கவும் அதைப் பேணவும் அரண்மனையில் யாருக்கும் தெரியவில்லை. பணியாளர் சிலருக்குக் குருக்கள் கற்பித்தனர்; அதன்பின்னும் ஆண்டில் சில முறை அரண்மனைக்கு வந்து கடிகாரங்களைக் கவனித்துச் செல்லும் அனுமதி அவர்களுக்குக் கிடைத்தது. அந்நியரை ஊருக்கு அனுப்பிவிட வேண்டும் என்று வற்புறுத்திய அதிகாரிகளின் குரல் எடுபடாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம். மறைநூல் அறிவும் வானியல் அறிவும் நிரம்பிய அம்மேதைக்கு அரண்மனை வாயிலைத் திறந்து வைத்தது, அவ்வப்போது முறுக்கு தளரும் ஒரு பொறியின் இயலாமை. ஷாங்காய்க் கடிகாரத் தொழிலாளர் பிற்காலத்தில் அவரைத் தங்கள் காவல் தெய்வமாகவே கொண்டாடினர்.

இரண்டாம் திங்களன்று எம் அகந்தைக்குத் தண்டனை கிடைத்தது. இத்தகைய கடிகாரத்தில் இரண்டு வில்கள் உண்டு. ஒன்று முள்ளை ஓட்ட, மற்றொன்று மணியடிக்க. பொறியைப் பிரிக்குமுன் இரண்டையும் முறுக்கு இறக்கிவிட வேண்டும். ஓட்டத்தின் வில்லைத் தம்பி மகன் பக்குவமாக இறக்கினான். மணியின் வில் ஏற்கெனவே தளர்ந்துதான் இருக்கிறது என்று நாம் தீர்மானித்துத் திருகாணியைக் கழற்றினோம். அது தளர்ந்திருக்கவில்லை. எண்ணெய்ப் பசையில் ஒட்டிக்கொண்டு, இருபது ஆண்டுகளாகத் தன் முறுக்கைக் காத்துக்கொண்டிருந்தது. ஒரு நொடியில் தகடுகள் விலகின, வில் சீறியது, எம் கட்டைவிரலில் இரத்தம். அதுகூடப் பெரிதில்லை. பித்தளைச் சக்கரம் ஒன்றில் இரண்டு பற்கள் முறிந்து மேசைமேல் கிடந்தன.

உலகப் போரையும், வீட்டின் மூன்று தலைமுறைப் பிள்ளைகளையும், தேங்காயெண்ணெயையும் தாங்கிய ஒன்றை, அதன்மேல் பாசம் கொண்ட நாமே முறித்துவிட்டோம். அன்றிரவு செபப் புத்தகத்தைத் திறந்தபோதும் அந்த இரண்டு பற்களே கண்முன் நின்றன. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் கட்டைவிரலைவிட வலித்தது.

சைதாப்பேட்டைக் கடைத்தெருவில் ஒரு மாடிப்படியின் அடியில், கண்ணாடிப் பெட்டியொன்றின் பின்னால் அமர்ந்து கடிகாரம் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். சக்கரத்தை எடுத்துச் சென்றோம். கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "ஃபாதர், முறுக்கு இறக்காம மெஷினைப் பிரிச்சிருக்கீங்க" என்றார். ஒப்புக்கொண்டோம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் எப்போதும் அந்தப் பக்கம் அமர்ந்து பழகிய எமக்கு, இந்தப் பக்கம் நிற்பது நல்ல பயிற்சியாயிருந்தது. புதுச் சக்கரம் கிடைக்காது, பல் கட்ட வேண்டும், பண்டிகைக்குள் ஆகாது என்றார். தகட்டின் எழுத்தைச் சொன்னோம். அவருக்குத் தெரியவில்லை. 62இல் தாம் கைக்குழந்தை என்று சிரித்தார்.

அவர் பல் கட்டிக்கொண்டிருந்த வாரங்களில் வேறொரு கேள்வி எம் மனத்தில் ஓடியது. கடிகாரம் ஓடத் தொடங்கினால், எதைப் பார்த்து அதை வைப்பது? இன்று கைப்பேசியைப் பார்ப்போம். எம் பாட்டனார் தம் பைக் கடிகாரத்தைச் சைதாப்பேட்டை ரயில் நிலையத்தில் சரிசெய்து கொண்டு, வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றுமுன் கூடத்துக் கடிகாரத்தை வைப்பாராம். அப்படியானால் நிலையத்துக்கு மணி சொன்னது யார்?

அந்தக் கேள்வி எம்மை நுங்கம்பாக்கத்திற்கு இட்டுச் சென்றது. 1786இல் வில்லியம் பெற்றி என்னும் கம்பெனி அதிகாரி எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு வானாய்வுக்கூடம் வைத்தார். பின்னர் கம்பெனி அதை ஏற்று, மைக்கேல் டாப்பிங் வகுத்த வரைபடப்படி, 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் அங்கே, வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் பொறித்த மொழிகளுள் தமிழும் ஒன்று. ஜான் கோல்டிங்காம் என்னும் வானியலார் வியாழனின் துணைக்கோள்கள் மறைவதைப் பல ஆண்டுகள் பார்த்துச் சென்னையின் நெடுவரையைக் கணித்தார். நெடுவரை என்பது வேறொன்றுமில்லை. கிரீனிச்சுக்கும் நமக்கும் உள்ள கால வேறுபாடு. அது ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம். இதுவே 'மெட்ராஸ் டைம்' ஆயிற்று. 1802இல் லாம்டன் எம் பேட்டைக்குத் தெற்கே பரங்கிமலையருகில் அடிக்கோடு அளந்து இந்தியாவையே அளக்கத் தொடங்கியபோதும், சென்னை வானாய்வுக்கூடமே அக்கணக்கிற்கு ஆதாரமாக நின்றது. ஆய்வுக்கூடத்தின் கடிகாரத்தைப் பின்பற்றி இரவு 8 மணிக்குக் கோட்டையில் பீரங்கி முழங்கும். ஊர் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும்.

அந்த ஆய்வுக்கூடத்தில் உழைத்தவர் எல்லாரும் வெள்ளையர் அல்லர். சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் அங்கே முதல் உதவியாளராக உயர்ந்து, 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அதை நம் மக்களுக்கு விளக்கும் சிறு நூலை இந்திய மொழிகள் பலவற்றில் வெளிவரச் செய்தார். இன்று பஞ்சாங்கம் புரட்டுவோருள் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

1870இல் இந்திய ரயில்வேக்களுக்கு ஒரே நேரம் வேண்டும் என்ற நிலை வந்தது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஒரு மணிக்கு மேல் வேறுபாடு. ஒருவர் நேரத்தை மற்றவர் ஏற்க மாட்டார். நடுவில் நின்ற சென்னையின் நேரத்தை ரயில்கள் ஏற்றன. ஆக, லாகூரில் புறப்படும் வண்டியும் நுங்கம்பாக்கத்துத் தூணைக் கேட்டே புறப்பட்டது! இந்தப் பெருமை 1905 வரை நீடித்தது. 1906 சனவரி முதல் நாள், கிரீனிச்சிலிருந்து ஐந்தரை மணி என்ற இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. சென்னைக் கடிகாரங்கள் ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்னே தள்ளப்பட்டன. கல்கத்தா 1948 வரையும், பம்பாய் 1955 வரையும் தங்கள் ஊர் நேரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. சென்னை சண்டையிடவில்லை. ஆனால் கதிரவன் மட்டும் இன்றும் பழைய கணக்கையே வைத்திருக்கிறான். ஆண்டுச் சராசரியில் அவன் எம் ஊர் உச்சியை எட்டும்போது கடிகாரம் 12 மணி 9 நிமிடம் காட்டுகிறது. நண்பகல் மூவேளைச் செபத்திற்கு நாம் மணியடிக்கும்போது, சென்னையில் இன்னும் உச்சிப்பொழுது ஆகவில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, இந்தியக் கடிகாரங்கள் மேலும் ஒரு மணி நேரம் முன்னே ஓடின. பாட்டனார் ரயில்வேக்காரராகையால் உடனே முள்ளைத் தள்ளி வைத்தாராம். பாட்டியார் அதை ஏற்கவில்லை. அடுப்பு மூட்டுவதற்கும் செபமாலைக்கும் பழைய மணி, தாத்தா வண்டியேறுவதற்குப் புது மணி என்று மூன்றாண்டு காலம் ஒரே வீட்டில் இரண்டு பொழுதுகள் இருந்ததாகத் தந்தையார் சொல்வார்.

நுங்கம்பாக்கத்தின் வானியல் பணி 1899இல் கோடைக்கானலுக்கு மாறியது. சென்னையில் நேரம் காத்த, இலண்டன் ஜான் ஷெல்டன் கைவேலையான ஊசல் கடிகாரம் ஒன்று அங்கே இன்றும் இருக்கிறது. கேப்டன் குக் தம் கடற்பயணத்தில் கொண்டு சென்ற கடிகாரத்தின் இனத்தைச் சேர்ந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் ஓடுகிறது என்று வியக்கிறோம். இருநூறு ஆண்டுகளாக யாரோ ஒருவர் அதைத் துடைத்து, எண்ணெய் இட்டு, தவறாமல் முறுக்கேற்றி வந்திருக்கிறார் என்பதையன்றோ முதலில் வியக்க வேண்டும்? அவர்களில் ஒருவர் பெயரும் எமக்குத் தெரியாது.

சென்னையில் கடிகாரத் தொழில் செழித்த காலம் உண்டு. 1843இல் சென்னைக்கு வந்த பீட்டர் ஓர் நிறுவிய பி. ஓர் அண்ட் சன்ஸ், 1879இல் எழுந்த தன் மவுண்ட் ரோட்டுக் கட்டடத்தின் கோபுரக் கடிகாரத்தால் வழிப்போக்கர் அனைவருக்கும் இலவசமாக மணி சொன்னது. ராயப்பேட்டை மணிக்கூண்டின் கடிகாரத்தைச் செய்தளித்த கனி அண்ட் சன்ஸ் இந்த மண்ணின் நிறுவனம். 1961இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. கைக்கடிகார ஆலை 2016இல் மூடப்பட்டது. பல் கட்டித் தந்த முதியவரின் மக்கள் இருவரும் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். இப்போது அவரிடம் வருவோரில் பெரும்பாலோர் பாட்டரி மாற்ற வருபவர்களே.

முறிந்த பற்களின் அடியில் நுண்ணிய இரம்பத்தால் பள்ளமிட்டு, புதிய பித்தளைத் துண்டைப் புறாவால் வடிவில் செருகி, ஈயம் பற்றவைத்து, பிறகு அரத்தால் மற்றப் பற்களின் வடிவிற்கு ராவியிருந்தார். நிறத்தில் மட்டும் அவ்விரண்டு பற்களும் சற்று வெளுத்துத் தெரிகின்றன. அதைப் பெற்று நாம் வந்த நாளில், உயிர்ப்புப் பெருவிழா கழிந்து பத்து நாள்கள் ஆகியிருந்தன. வீட்டின் கூரையை இறக்கிவிட்டார்கள். கூடத்துச் சுவர்ப்பலகை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. எந்தக் கூடத்தில் அந்த மணி மறுபடி அடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டோமோ, அது எம் அவசரத்தால் இல்லாமற்போயிற்று. அமைதியாக ஒரு வில்லை இறக்கியிருந்தால் மூன்றாம் திங்களே முடிந்திருக்கும்.

பங்குமனை மேசையில் வைத்துக் கோத்தோம். மண்ணெண்ணெயில் கழுவி, அச்சுத்துளை ஒவ்வொன்றையும் கூராக்கிய குச்சியால் துடைத்து, துளைக்கு ஒரு சொட்டுக்கும் குறைவாகக் கடிகார எண்ணெய் இட்டோம். ஊசலுக்குப் புதிய எஃகுப் பட்டை. முதலில் நொண்டி நடந்தது: 'டிக்' குக்கும் 'டக்' குக்கும் இடைவெளி சமமாயில்லை. கூட்டின் ஒரு பக்கத்தில் பழைய மணவோலைத் தாளை நான்காக மடித்து வைத்து உயர்த்தியபின் நடை சீரானது. நாளொன்றுக்கு இரண்டு நிமிடம் முந்தியது; ஊசலின் அடித் திருகைச் சிறிது இறக்கியதும் அடங்கியது. ஊசல் நீண்டால் கடிகாரம் மெதுவாகும். 1656இல் ஊசல் கடிகாரத்தை அமைத்த ஹாய்கென்சின் காலத்திலிருந்து இந்தக் கணக்கு மாறவில்லை.

மணியடிப்பதில் மட்டும் ஒரு குறை நின்றது. இவ்வகைப் பொறியில் மணியை எண்ணுவது, ஓரத்தில் ஒழுங்கற்ற இடைவெளிகளில் வெட்டுகள் உள்ள ஒரு சக்கரம். முள் எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. கடைசியாக எத்தனை அடித்தோம், அடுத்து எத்தனை அடிக்க வேண்டும் என்பது மட்டுமே தெரியும். ஒருமுறை பிசகினால், கம்பியைத் தூக்கி அடுத்தடுத்து அடிக்கவிட்டு ஒத்துவரச் செய்ய வேண்டும். ஒத்துவரச் செய்தோம். நான்கு நாளில் மீண்டும் ஒன்று கூடியது. மறுபடி திருத்தினோம், மறுபடி கூடியது. புதிய பற்களில் குறையா, எம் கோப்பில் குறையா என்று தெரியாமல், முதியவரிடம் இரண்டாம் முறை போகக் கூசிக்கொண்டிருந்தோம்.

ஆவணி மாதத்தில் தம்பி பங்குமனைக்கு வந்தார். வீடு இடிந்தபின் எம்மிடம் அவர் அதிகம் பேசியதில்லை. காப்பி குடித்துக்கொண்டிருக்கையில், இரும்பு அலமாரியின் மேலிருந்த கடிகாரம் பத்து மணிக்குப் பதினொன்று அடித்தது. விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்த தம்பி நிமிர்ந்தார். நாம் விளக்கம் சொல்ல வாயெடுத்தோம்.

"அது அப்பா காலத்துலயே அப்படித்தான் அண்ணன்" என்றார். "ஒண்ணு கழிச்சுக்கணும். நீங்க செமினரிக்குப் போனதுக்கு அப்புறம்."